பிரெஞ்சுக் காகிதமும் மார்மன் நண்பரும்

என் நண்பர் காபியை விட்டதை நான் தெரிந்துகொண்ட நாளை இன்றும் சொல்ல முடியும். 2012ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த மறுவாரம். பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தவர் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வழக்கம்போல டம்ளரும் டவராவுமாகக் காபியைக் கொண்டுவந்து வைத்தார். "வேண்டாம்மா, வெந்நீர் இருந்தாக் குடுங்க" என்றார். முப்பது வருஷம் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து, நாளைக்கு நாலு காபி குடித்தவர். சர்க்கரை வியாதியோ என்று பயந்துபோய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இல்லைய்யா, சபை மாறிட்டேன்" என்றார்.

இருவரும் பதிவுத்துறையில் குமாஸ்தாக்கள். நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படித்துவரும் அன்பர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபிறகும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு போகவில்லை. அம்மா பிறந்த ஊரான மதுரைக்கு வந்து அரசு வேலையில் சேர்ந்தபோது, தமிழில் படிக்காதவன் என்று எனக்குத் தமிழ் மொழித் தேர்வு வைத்தார்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவனுக்கு அது ஒரு வேடிக்கை. அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'பிரெஞ்சு' என்றாகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவர் இந்த நண்பர்தான்.

அவர் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பம். மூன்று தலைமுறையாக மதுரையில் கோயிலுக்குப் போய்வந்தவர்கள். அவர் போய்ச் சேர்ந்த இடத்தின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. ஊர் வழக்கில் மார்மன்கள். அந்தப் பெயரால் தங்களை அழைப்பதை இப்போது அவர்கள் விரும்புவதில்லை. ஆனாலும் வேறு பெயர் சொன்னால் நமக்குப் புரியாது என்பதால் அதையே எழுதுகிறேன்.

அன்று அவர் காபி குடிக்க வரவில்லை, ஒரு காகிதத்தோடு வந்திருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டியார் காரைக்காலில் காலமானவர். அந்த அம்மையாரின் இறப்புப் பதிவின் நகல் அது. அதைத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்றார்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் பதிவு என்றால் பதிவுதான். ஆண்டை எண்ணால் எழுதமாட்டான், எழுத்தால் எழுதுவான். உயிர் போன மணி, இறந்தவரின் தாய் தந்தையர் பெயர், வந்து சொன்ன இருவரின் வயது, தொழில், குடியிருப்பு எல்லாம் இருக்கும். கீழே சாட்சிகள் தமிழில் கையெழுத்திட்டிருப்பார்கள். நம் கிராமத்துப் பழைய ஜனன மரணப் பதிவேடுகளில் 'குப்பன் மகள்' என்று ஒரு வரியோடு ஒரு மனுஷி முடிந்துபோவதை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். இந்தக் காகிதத்தில் ஒரு கிழவி முழுசாக இருந்தாள். 1911இல் காலமானவர். அவருடைய தாயார் பெயரைப் பார்த்தால் மாரியம்மனைக் கும்பிட்ட குடும்பம் என்று சொல்லாமலே தெரிந்தது. பெயரை இங்கே எழுதவில்லை.

"எதுக்குய்யா இது உனக்கு?" என்றேன்.

அவர் மறைக்கவில்லை. அவர்கள் சபையில், ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன முன்னோர்களுக்காக, உயிரோடிருக்கும் வாரிசு ஒருவர் அவர்கள் பெயரால் தண்ணீரில் மூழ்கி எழலாம். அதற்குப் பெயரும் தேதியும் சரியாக வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன, சாகும்வரை குலதெய்வத்தை விடாத ஒரு கிழவியைக் கேட்காமல் கொள்ளாமல் மதம் மாற்றுவதா? காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "இதுக்கு என் பிரெஞ்சு உதவாது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ ஒவ்வொரு அமாவாசைக்கும் எள்ளுந்தண்ணியும் விடுறியே, அவுக வந்து உங்கிட்டக் கேட்டாகளாய்யா?" என்றார். போய்விட்டார்.

பதில் சொல்லத் தெரியாத கேள்வி ராத்திரியில் தூங்கவிடாது. குமாஸ்தாவுக்கு உள்ள ஒரே வழி கோப்பைப் புரட்டிப் பார்ப்பது. நானும் மார்மன்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றைக் கீழே தருகிறேன்.

ஜோசப் ஸ்மித் 1805இல் அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் ஓர் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர். குடும்பம் நியூயார்க் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. எந்தச் சபை உண்மையானது என்று ஆளுக்கொரு பிரசங்கியார் கூவிக்கொண்டிருந்த காலம். பதினான்கு வயதில் தோப்புக்குள் போய்ப் பிரார்த்தித்தபோது தரிசனம் கண்டதாகச் சொன்னார். பிறகு மோரோனி என்ற தேவதூதன் காட்டிய குன்றில் தங்கத் தகடுகள் புதைந்திருந்தன என்றும், 1827இல் அவற்றை எடுத்து, தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகவும் சொன்னார். அதுதான் 1830இல் அச்சான மார்மன் புத்தகம். முதல் பதிப்பு 5,000 பிரதிகள். அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி சபை தொடங்கியது.

புத்தகத்தின் கதை இதுதான். கிறிஸ்துவுக்கு 600 ஆண்டு முன்பு எருசலேமிலிருந்து லேகி என்பவரின் குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போகிறது. சந்ததி இரண்டாகப் பிரிந்து சண்டையிடுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் போய்ப் போதிக்கிறார். கடைசியில் ஒரு கூட்டம் அழிகிறது. அவர்களின் வரலாற்றை மார்மன் என்பவர் சுருக்கித் தகடுகளில் எழுத, மகன் மோரோனி புதைத்து வைக்கிறார். இதற்குத் தொல்லியல் சான்று கிடைத்ததாக அந்தச் சபைக்கு வெளியே உள்ள ஆய்வாளர்கள் ஒப்புவதில்லை. இந்தப் புத்தகம் 1852லேயே பிரெஞ்சில் வந்துவிட்டது. நண்பர் 1980களின் தொடக்கத்தில் தமிழில் வந்த தேர்ந்தெடுத்த பகுதிகளைப் படித்தார். நான் பிரெஞ்சில் படித்தேன்.

தங்கத் தகடு என்றதும் முதலில் சிரித்தேன். பிறகு நாம் இருக்கும் ஊர் எது என்று யோசித்தேன். இறையனார் களவியல் உரையில் என்ன இருக்கிறது? பாண்டி நாட்டில் பன்னிரண்டு ஆண்டு பஞ்சம். புலவர்கள் ஊரைவிட்டுப் போய்த் திரும்பியபோது பொருளதிகாரம் தெரிந்த ஆளே இல்லை. ஆலவாய்ச் சொக்கர் தாமே 60 சூத்திரம் செய்து, செப்புத் தகட்டில் எழுதிப் பீடத்தின் கீழே வைக்கிறார். உரையில் எது மெய்யென்று சொல்ல ஓர் ஊமைப் பிள்ளை, உருத்திரசன்மன், நடுவராக உட்காருகிறான். சின்ன வயதில் இதைக் கேட்டு நாம் யாரும் சிரிக்கவில்லை. வைகையில் விட்ட சம்பந்தர் ஏடு எதிர்நீச்சலடித்துத் திருவேடகத்தில் ஒதுங்கியதற்கு இன்றும் ஊரும் கோயிலும் இருக்கின்றன. பழைய தகடு என்றால் பக்தி, புதிய தகடு என்றால் சிரிப்பு. என் நியாயம் அவ்வளவுதானா என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் எதையும் கேள்வி கேட்காமல் ஏற்பதும் சரியல்ல. பாண்டிச்சேரிப் பக்கமிருந்து பாரீசுக்குப் போன 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சு நூலை வால்டேர் நம்பினார். பழமையான பிராமண வேதம் என்று எண்ணி 1761இல் அரசரின் நூலகத்துக்கு அனுப்பினார். 1778இல் அச்சும் ஆயிற்று. கடைசியில் அது பாதிரிமார் யாரோ எழுதியது என்று தெரிந்தது. 'இது நம் மதுரைத் தத்துவபோதகர் தெ நோபிலியின் வேலை' என்றுகூட எல்லிஸ் துரை நினைத்தார். அவர் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தபின் 1822இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. பிற்கால ஆய்வாளர்கள் தெ நோபிலியை விடுவித்துவிட்டார்கள். வால்டேர் போன்ற எதையும் நம்பாத மனிதரே ஏமாந்த இடம் அது. ஆக, நூலை ஆராய்வது ஒரு வேலை, அதை நம்பி வாழ்கிறவனை மதிப்பது வேறு வேலை என்று எனக்குப் பட்டது.

நம்பி வாழ்ந்தவர்கள் பட்ட பாடும் சாதாரணமில்லை. ஊர் ஊராக விரட்டப்பட்டார்கள். ஜோசப் ஸ்மித்தை 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் என்பவர் மிச்சமிருந்தவர்களை நடத்திக்கொண்டு 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார். அதுவே இன்றைய யூட்டா மாநிலம்.

அங்கிருந்து நம் சென்னைக்கு ஆள் வந்தது பலருக்குத் தெரியாது. கல்கத்தாவில் 1851லேயே சிலர் இந்தச் சபையில் சேர்ந்திருந்தார்கள். 1852 ஆகஸ்ட் மாதம் சால்ட் லேக்கில் கூடிய கூட்டத்தில் உலகம் முழுக்க ஊழியர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1853இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறி ஒரு குழு கல்கத்தா வந்தது. அதில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் மூவரும் சென்னைக்கு வந்தார்கள். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849இல் சால்ட் லேக்கில் தன் வீட்டிலேயே அந்தச் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். சம்பளமில்லை, கையில் காசில்லை. யாராவது சோறு போட்டால் உண்டு. அந்த நிலையிலும் சென்னையில் ஓர் ஆங்கில மாதப் பத்திரிகை அச்சடித்தார்.

பலன் மிகக் குறைவு. காரணங்களைப் பார்த்தால் நமக்கே புரியும். அவர்களை நியமித்த அதே 1852 கூட்டத்தில்தான் பலதார மணம் தங்கள் கொள்கை என்று சபை பகிரங்கமாக அறிவித்தது. அந்தச் செய்தி இவர்களைத் துரத்திக்கொண்டே வந்தது. பேச்சும் அச்சும் ஆங்கிலம். கேட்டவர்கள் பெரும்பாலும் கும்பினிச் சிப்பாய்களும் ஐரோப்பியர்களும். மேலும், சேர்ந்தவர்கள் கப்பலேறி யூட்டாவுக்கு வந்து கூடி வாழவேண்டும் என்பது அன்றைய போதனை. வயலையும் வாசலையும் விட்டு எவன் போவான்? பாலன்டைன் 1854இல் புறப்பட்டுப் போனார். 1856க்குள் மற்றவர்களும் போய்விட்டார்கள்.

இதோடு நம் ஊரை ஒப்பிட்டுப் பாருங்கள். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன்காரர்களும் அதே நியூ இங்கிலாந்து மண்ணின் ஆட்கள்தாம். ஜோசப் ஸ்மித் பிறந்த வட்டாரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. ஆனால் இவர்கள் தமிழ் படித்தார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் இன்று தல்லாகுளம் பக்கம் நிற்கும் அமெரிக்கன் கல்லூரி. என் நண்பரின் தாத்தா காரைக்காலைவிட்டு மதுரைக்கு வந்து கிறிஸ்தவரானது அந்தப் பள்ளிக்கூடங்களின் வழியாகத்தான். அப்போது காரைக்காலிலேயே நின்றுவிட்டவர்தான் அந்தக் கொள்ளுப்பாட்டி.

பலதார மணத்தை அந்தச் சபை 1890இல் கைவிடுவதாக அறிவித்தது. 1896இல் யூட்டா மாநிலமானது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தராமல் வைத்திருந்த தடை 1978இல்தான் நீங்கியது. இவற்றை நண்பரிடம் பின்னால் போனில் கேட்டபோது, "நம்ம வீட்டு அழுக்கு நமக்குத் தெரியாதாய்யா, தொவைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார்.

நம் பக்கத்தில் அது இரண்டாவது தடவை துளிர்த்தது கோயம்புத்தூரில். சபையின் துண்டுப் பிரசுரம் ஒன்று கையில் கிடைக்க, அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கிய பால் திருத்துவதாஸ் என்பவர் 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். 1978 டிசம்பரில், சமோவா தீவில் இருந்தபோது சேர்ந்த எட்வின் தர்மராஜு தம்பதியர் ஹைதராபாத் வந்து உறவினர்களைச் சேர்த்தார்கள். 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து இந்திய மிஷன் ஏற்பட்டது. உலகத்தில் 1 கோடியே 70 லட்சம் பேர் என்றால், இந்தியாவில் சுமார் 15,000 பேர்தான். நம் திருமங்கலத்தில் நாலைந்து தெருவை நிரப்பினால் முடிந்துவிடும்.

இத்தனை சிறிய கூட்டத்தில் ஒருவருக்கொருவர் எப்படி என்று நண்பர் சொல்லக் கேட்டேன். உள்ளூர் சபையில் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. வாரம் முழுக்கக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை சபையை நடத்துவார். வருமானத்தில் பத்தில் ஒன்று காணிக்கை. மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். திங்கள்கிழமை மாலை வீட்டோடு உட்கார்ந்து பேசவேண்டும், படிக்கவேண்டும். சாராயம், புகையிலை, டீ, காபி நான்கும் விலக்கு. 1833இலிருந்து வரும் போதனை. மனைவியை இழந்து மகன் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதருக்குத் திங்கள்கிழமை தோறும் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள் என்றால், அவர் காபியை விட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி அந்த இறந்தவர் விஷயம். இதை ஜோசப் ஸ்மித் 1840இல் போதிக்கத் தொடங்கினார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 15ஆம் அதிகாரத்து 29ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். இதற்காகவே 1894இல் வம்சாவளிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தி, 1938 முதல் உலகம் முழுக்கப் பதிவேடுகளைப் படச்சுருளில் எடுத்தார்கள். சால்ட் லேக் அருகே கருங்கல் மலையைக் குடைந்து உள்ளே பத்திரப்படுத்தினார்கள். நம் ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்ரீகர் பெயரெழுதி வைத்த ஏடுகளையும் படமெடுத்திருக்கிறார்கள். பதிவேட்டைக் கறையான் தின்பதைக் கண்ணால் பார்த்துக் கண்ணீர் விட்ட ஒரு பதிவுத்துறைக்காரனுக்கு, இதைப் படித்தபோது அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எல்லாம் சரி என்று சொல்லவில்லை. ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயரிலும் இப்படி ஞானஸ்நானம் நடந்ததை அறிந்து யூதர்கள் கொதித்தார்கள். 1995இல் சபை அதை நிறுத்துவதாக ஒப்பந்தம் செய்ய வேண்டி வந்தது. யூதன் என்பதற்காகவே கொல்லப்பட்டவனை யூதனாகவே விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. தங்கள் சொந்த முன்னோர் பெயரை மட்டுமே கொடுக்கவேண்டும் என்பதும், கடந்த 110 ஆண்டுக்குள் பிறந்தவரானால் நெருங்கிய உறவினர் சம்மதம் வேண்டும் என்பதும் அவர்கள் விதி. இறந்தவர் அதை அந்த உலகில் ஏற்கலாம், தள்ளலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. தண்ணீரில் மூழ்குவது வாசலைத் திறந்து வைப்பது மாதிரி, உள்ளே வருவது அவரவர் இஷ்டம் என்று நண்பர் விளக்கினார்.

நான் விடும் எள்ளுந்தண்ணீரும் அப்படித்தானே? என் பாட்டனார் சுத்த நாத்திகர். சாமி கும்பிட்டே யாரும் பார்த்ததில்லை. அவர் பெயரையும் சேர்த்துத்தான் அமாவாசைதோறும் சொல்கிறேன். அவர் சம்மதித்தாரா? நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கத்தோலிக்க நண்பர்கள் மண்ணுக்குள் இருப்பவரைக் கேட்டா ஏற்றுகிறார்கள்? செத்தவர்களை நாம் விடமாட்டோம், அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து நண்பருக்குப் போன் செய்து, அந்தக் காகிதத்தின் நகலை அனுப்பச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதினேன். கடைசியில், 'இதில் கண்டவர் தம் வாழ்நாள் முழுவதும் எந்தச் சமயத்தில் இருந்தார் என்பது இப்பதிவில் குறிக்கப்படவில்லை. ஆனால் தாயார் பெயரைக் கொண்டு ஊகிக்கலாம்' என்று அலுவலக பாணியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன். விரைவுத் தபாலில் அனுப்பிவைத்தேன். கிடைத்ததும் கூப்பிட்டார். "குறிப்பைப் படிச்சேன்யா பிரெஞ்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கோயில் என்று அவர்கள் சொல்லும் இடத்தில்தான் அந்தச் சடங்கு நடக்கவேண்டும். அப்போது இந்தியாவில் அது இல்லை. ஹாங்காங் போகவேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு கோயில் கட்டப்போவதாகச் சபை அறிவித்தபோது குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டு அவரே போன் செய்தார். அடுத்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அஸ்திவாரம் போடுவதைக்கூடப் பார்க்கவில்லை.

கொள்ளுப்பாட்டியாரின் பெயரைக் கொடுத்தாரா, இல்லையா? நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் மகனிடம் கேட்டால் தெரியும். கேட்க மனமில்லை.

தர்ப்பணத்தில் பெற்றவர் வழிக்கெல்லாம் விட்டபின், உறவில்லாதவர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் என்று கொஞ்சம் தண்ணீர் உண்டு. விவரம் தெரிந்த புரோகிதர்கள் அதை விடாமல் செய்துவைப்பார்கள். சென்ற ஆடி அமாவாசைக்கு வைகைக் கரையில் கூட்டம் தாங்கவில்லை. புரோகிதர், "வேறு யாராவது உண்டா?" என்று அவசரமாகக் கேட்டார். நண்பரின் பெயரைச் சொன்னேன். கிறிஸ்தவப் பெயர். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கோ" என்றார். விட்டேன்.

நண்பரிடம் கேட்கத்தான் வழியில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.